ஏழு வீட்டு இரைச்சல்

எங்கள் மகள் மித்ராவின் குரல் சவுண்டு பெட்டிக்குள் போனது ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு. அப்போது அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் அக்கா வாசலில் உட்கார்ந்து தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார், மித்ரா தொட்டிலில் கிடந்து பாலுக்கு அழுதுகொண்டிருந்தாள், என் வீட்டுக்காரர் பூபதி முக்காலியில் ஏறி நின்று கூரைத் தண்டவாளத்தில் ஒரு பச்சை ஒயரைக் கட்டிக்கொண்டிருந்தார்.

குமாரபாளையத்தில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் ஏழு வீடுகள் ஒரே வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. கட்டியவர் எப்போதோ ரயில்வே ஏலத்தில் பழைய தண்டவாளங்களை எடுத்து, ஒன்றோடு ஒன்றை இணைத்து, முதல் வீட்டிலிருந்து ஏழாம் வீடு வரைக்கும் ஒரே உத்தரமாக ஓடவிட்டிருந்தார். அதில்தான் ஏழு வீட்டு ஃபேனும் தொங்குகிறது, பிள்ளை பிறந்தால் தொட்டில் சங்கிலியும் அதில்தான் தொங்குகிறது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் தறிப்பட்டறை. அங்கே ராத்திரி பகல் பாராமல் தறி ஓடும், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் நிற்கும். பூபதி பதினாறு வயதில் தறிக்குப் போனவர். பாட்டு என்றால் அவருக்குக் காதில் கேட்டால் போதாது, நெஞ்சில் இடிக்க வேண்டும். அதனால் ஒரு பழைய ஆம்ப்ளிபயரையும் இரண்டு பெட்டியையும் ஒரு வூஃபரையும் வாங்கி வந்து, அவரே ஒயர் கொடுத்து, அலமாரிக்குக் கீழே அடுக்கியிருந்தார். பாட்டு நன்றாகத்தான் பாடியது. ஆனால் ஆம்ப்ளிபயரைத் தொட்டால் சுருக்கென்று ஷாக்கு அடித்தது. எங்கள் வீட்டுப் பிளக்கில் எர்த் கிடையாது, தவழ்கிற பிள்ளை வீட்டில் இருக்கிறது, அதனால்தான் அந்தப் பச்சை ஒயர்.

அவர் கடைசி முறுக்கை இறுக்கியதும் அழுகை நின்றது. ரசத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். மித்ராவின் வாய் திறந்திருந்தது, கன்னம் சிவந்திருந்தது, கண்ணீர் காது வரைக்கும் வழிந்திருந்தது, கையும் காலும் உதைத்துக்கொண்டிருந்தன, சத்தம் மட்டும் அவளிடம் இல்லை. சத்தம் வூஃபரில் இருந்தது. ம்ம்ம்ம் என்று, தடித்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு யாரோ முனகுவது போல, அவள் மூச்சு எடுக்கும்போது நின்று, மூச்சு விடும்போது தொடர்ந்து வந்தது.

“ஏனுங்க, பாப்பா சத்தம் பொட்டிக்குள்ள போயிருச்சுங்க” என்றேன்.

அவர் காதைக் கையால் மடித்துக் கேட்டார். “ஷாக்கு நின்னுருச்சா பாரு.”

ஷாக்கு நின்றிருந்தது.

அவர் சுவிட்சை அணைத்தார், ம்ம்ம் நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினார், நிற்கவில்லை. அன்று மத்தியானம் மித்ரா தூங்கும்போது ஊருக்கே கரண்டு போனது, அவள் மூச்சளவுக்கு மெல்லிசாக அப்போதும் ம்ம்ம் வந்தது. கரண்டே இல்லாமல் கேட்கிற சத்தத்துக்கும் ஒயருக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டார். பச்சை ஒயரை மட்டும் கழற்ற வேண்டாம், பிள்ளை தொட்டுவிடுவாள் என்று இரண்டு பேரும் பேசி முடித்தோம்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் சத்தம் வராத குழந்தையைப் பார்த்து அக்கம்பக்கம் பதறியிருக்கும். இந்த ஊரில் பதறவில்லை. தறிச்சத்தத்துக்கு நடுவே ஆயுசைக் கழித்தவர்களுக்குப் பேச்சு என்பது காதுக்கு வருவது அல்ல, கண்ணுக்கு வருவது. பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உதட்டை அசைத்தே கல்யாணம் பேசி முடிப்பார்கள், உதட்டை அசைத்தே சண்டை போட்டு உதட்டை அசைத்தே சமாதானமாவார்கள். சம்பூர்ணம் அக்கா வந்து தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார்.

“இதுக்கு எதுக்கு அம்மிணி மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கற? வாயப் பாத்தாத் தெரியலையா? கீழ் உதடு மடங்குனாப் பசி. ரெண்டு பக்கட்டும் இழுத்தா ஈரம். நீ காட்டுல பொறந்தவ, உனக்குக் காதுதான் வேல செய்யும்.”

அது உண்மைதான். நான் அந்தியூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டில் வளர்ந்தவள், எதிர்க்காட்டில் மாடு கத்தினால் யார் வீட்டு மாடு என்று சொல்லிவிடுவேன். மனிதர் உதட்டை உற்றுப் பார்க்க எனக்குக் கூச்சம். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் காம்பவுண்டு ஆம்பளைகளின் முகத்தையே நான் சரியாகப் பார்த்ததில்லை, அப்புறம் உதட்டை எங்கே பார்ப்பது.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. தறி நின்றது. தறி நின்றால் எங்கள் காம்பவுண்டில் ஒருவருக்கும் தூக்கம் வராது. சனிக்கிழமை ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவர்கள், கண் சிவந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கும் வீட்டுக்கும் நடப்பார்கள். சத்தம் இல்லாத பகலில் அவர்கள் காதுக்குள் என்னவோ ஊறுமாம். ஐந்தாம் வீட்டு மாதேசண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கிளம்பாமல் உறுமிக்கொண்டு நிற்கிற பஸ்ஸுக்குப் பக்கத்தில் சாய்ந்து ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு வருகிறவர். அன்று அவர் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது வூஃபர் ம்ம்ம் என்றது. அவர் நின்றார். வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு நிலையில் தலையைச் சாய்த்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் பெண்சாதி வந்து எழுப்புகிற வரைக்கும் அவர் அங்கேயே, வாயில் ஈ போவது தெரியாமல் தூங்கினார்.

“பொட்டிக்குள்ள என்னமோ இருக்குதுடா பூபதி” என்று எழுந்து சொன்னார். “மண்டைக்குள்ள தொடச்சு உட்ட மாதிரி இருக்குது.”

“பாப்பா சத்தமுங்கண்ணா.”

“நல்ல சத்தம்” என்றார் மாதேசண்ணன்.

அடுத்த ஞாயிறு நான்கு பேர் பாயோடு வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு ஒன்பது பேர். நான் அடுப்படிக்கும் கதவுக்கும் நடுவே கால்களைத் தாண்டித் தாண்டி நடந்தேன், முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்தினேன், ஒருவரையும் எழுப்பவில்லை. தூங்கி எழுந்தவர்கள் சும்மா போகவில்லை. ஒருவர் பிள்ளைக்குப் பால் வைத்துவிட்டுப் போனார், ஒருவர் கிலுகிலுப்பை, ஒருவர் அரைஞாண் கயிறு. சம்பூர்ணம் அக்கா வூஃபருக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். ம்ம்ம் கேட்டால் மாவு நன்றாகப் பொங்குகிறது என்று மூன்றாம் வீட்டில் சொன்னார்கள், ஏழாம் வீட்டில் ஒற்றைத் தலைவலி போய்விட்டது என்றார்கள், மாமியாரும் மருமகளும் ஆறு நாளாகச் சண்டை போடவில்லை என்று எந்த வீடு என்று சொல்லாமல் சொன்னார்கள். காம்பவுண்டுக்கு ஒரு சட்டம் வந்தது: வூஃபர் மேல் யாரும் துணி போடக் கூடாது. இன்னொன்றும் வந்தது: ஞாயிறு பகலில் பாப்பாவை யாரும் சிரிக்க வைக்கக் கூடாது. சிரித்தால் ம்ம்ம் துண்டு துண்டாக வந்து தூக்கத்தைக் கெடுத்தது.

“உம் பொண்ணு வாயத் தொறந்தா காம்பவுண்டே தூங்குது. இப்புடி ஒரு புள்ள யாருக்குப் பொறக்கும்” என்பார் சம்பூர்ணம் அக்கா.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துத் தொண்டை நன்றாக இருக்கிறது என்றார், எடை போட்டார், அரைக்கிலோ கூடியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். பூபதியும் சந்தோஷப்பட்டார். “பாப்பா சொகமாத்தான இருக்கறா” என்றார். சுகமாகத்தான் இருந்தாள். பதினோரு மாசம் நடக்கிறது, சுவரைப் பிடித்து நிற்கிறாள், உதட்டைக் குவித்துக் குவித்து எதையோ சொல்லிப் பார்க்கிறாள். எல்லோரும் பார்த்து “அம்மா சொல்றா, அம்மா சொல்றா” என்றார்கள். எனக்கு மட்டும் ம்ம்ம் கேட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் வூஃபர் ம்ம்ம் என்றது; அது எந்நேரமும் சொல்வதுதான். அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தேன், உலையில் போட்டேன், தீயைக் குறைத்தேன், கறிவேப்பிலை உருவினேன். பிறகு திரும்பினேன். மித்ரா பின்கதவின் கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காற்றுக்குச் சாத்திக்கொண்ட கதவுக்கும் நிலைக்கும் நடுவே அவளுடைய நடுவிரல் மாட்டியிருந்தது. அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டு, வாய் திறந்து, முகம் கருத்து, சத்தமே இல்லாமல் கத்திக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் கத்தினாள் என்று எனக்குத் தெரியாது. மூன்று தண்ணீர் நேரம் இருக்கலாம்.

விரல் முறியவில்லை, நகம் மட்டும் கருத்துப்போனது. கட்டுப் போட்டு, பால் கொடுத்து, சம்பூர்ணம் அக்கா மடியில் விட்டுவிட்டு, செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் கடைவீதிக்கு நடந்தேன். அதுவரைக்கும் நான் தனியாகக் கடைவீதிக்குப் போனதில்லை.

லோகு சவுண்ட் சர்வீஸ் என்று போர்டு போட்ட கடைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் செட்டு கட்டுகிறவர் லோகு, நாற்பது வயசு இருக்கும், காதில் பென்சில் சொருகியிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, நான் பேசுகிற மாதிரித் தெரியாததால், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு அவர் வேலையைப் பார்த்தார். அவருடைய சால்டரிங் புகை இரண்டு தரம் என் முகத்தில் அடித்த பிறகு எனக்கு வாய் வந்தது.

“வீட்டுச் செட்டுல ம்ம்ம்னு ஹம்மு வருதுங்க. எடுக்கோணும்.”

“சுவிச்ச அணைச்சா நிக்குதா?”

“இல்லீங்க. கரண்டு போனாலும் வருதுங்க.”

அவர் தலை நிமிர்ந்தார். “அப்பக் கரண்டு ஹம்மு இல்லைங்க. வீட்டு ஆளு கொரலுங்களா?”

“எம் பொண்ணுதுங்க. பதினோரு மாசம்.”

“வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு வருமுங்க” என்றார், பல் வலி என்று சொன்னது போல. “போன வருசம் ஒருத்தரு கொரட்டையப் பொட்டிக்குள்ள உட்டுட்டாரு. எடுத்துப் போடலாம். ஆனா நா மட்டும் வந்து ஆகாது. ஹம்மு புடிக்கறதுன்னா ஒண்ணொண்ணாக் கழட்டிப் பாக்கறது. காம்பவுண்டுன்னா ஏழு வூட்லயும் கழட்டோணும். தறி ஓடாத நாளாச் சொல்லுங்க.”

தறி ஓடாத நாள் ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஞாயிறு லோகு வந்தபோது வீட்டுக்குள் பதினோரு பேர் படுத்திருந்தார்கள். பூபதி வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னதும், பாயில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள்.

“இன்னிக்குப் போயா எடுக்கோணும்?” என்றார் மாதேசண்ணன். “வாரத்துல ஒரு நாளுடா. நாளைக்கு எடுங்க, நா வேண்டாங்கல.”

“நாளைக்குத் தறி ஓடுமுங்கண்ணா, அவருக்குக் கேக்காது.”

“புள்ளைக்கு என்ன கொற? எட கூடியிருக்குதாமல்ல?” என்றார் சம்பூர்ணம் அக்கா. “ஒரு ரெண்டு மாசம் போகட்டும் பூபதி. அதுவா வந்துரும்.”

பூபதி என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மித்ராவின் கட்டுப் போட்ட விரலைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

“எம் புள்ள அழுதா எனக்குக் கேக்கோணும்.”

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அது அந்த ஊர். பதினோரு பேரும் என் உதட்டைப் பார்த்திருந்தார்கள். மாதேசண்ணன் பாயைச் சுருட்டினார்.

லோகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வூஃபருக்கு முன்னால் காதை வைத்துப் படுத்தார். மித்ராவைத் தொட்டிலில் போடச் சொன்னார். வயிறு பசிக்கட்டும் என்று விட்டிருந்ததால் அவள் உடனே வாயைத் திறந்தாள். ம்ம்ம் என்றது. அவர் முதலில் வால்யூமை முழுக்கக் குறைத்தார், ம்ம்ம் அப்படியே இருந்தது. பாட்டு வருகிற ஒயர்களைப் பிடுங்கினார், இருந்தது. கேபிள் டிவி ஒயரைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் ம்ம்ம்மின் மேலிருந்து ஒரு கனத்த போர்வையை எடுத்தது போல இருந்தது. “பாத்தீங்களா, இது உங்க பாப்பாது இல்ல. கேபிளோடது” என்றார். “மத்த வூட்டயும் பாக்கலாம்.”

அவர் படுத்த இடத்திலிருந்து பூபதியிடம் சொல்ல, பூபதி வாசலில் நின்று உதட்டை அசைக்க, அது வாசல் வாசலாக ஏழாம் வீடு வரைக்கும் போனது. இரண்டாம் வீட்டுக் குழல்விளக்கு அணைந்தது, ஒரு கிர்ர் போனது. நான்காம் வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் அணைந்தது, ஒரு ஜிய்ய்ய் போனது. ஏழாம் வீட்டு ஃபிரிட்ஜைப் பிடுங்கினார்கள், அடியில் உறுமிக்கொண்டிருந்த ஒன்று போனது. யார் பையிலோ இருந்த போனை அணைத்தார்கள், டிகுடிகு என்று சொறிந்துகொண்டிருந்த ஒன்று போனது. ஏழு வீட்டு இரைச்சலும் அந்தத் தண்டவாளத்தின் வழியாக ஊர்ந்து வந்து, இத்தனை நாளும் என் பிள்ளையின் குரல் மேல் உட்கார்ந்திருந்தது. மாதேசண்ணன் வீட்டுக் கொசு மட்டை சார்ஜில் கிடந்தது. அதைக் கடைசியாகப் பிடுங்கினார்கள்.

அப்போது வூஃபரில் ஒரு குழந்தை அழுதது.

ம்ம்ம் இல்லை. ங்ஙா என்று, தொண்டை கிழிய, நடுநடுவே விக்கி, விக்கலுக்கு அப்புறம் இன்னும் பெரிதாக, யாராவது வாங்க, யாராவது வாங்க என்கிற மாதிரியான அழுகை. காது மந்தமானவர்கள் கூட எழுந்து நின்றார்கள், ஏனென்றால் அது காதில் இல்லை, தரையில், பாதத்தில், நெஞ்சில் கேட்டது. மாதேசண்ணன் சுவரைப் பிடித்தார்.

“இதுலயாப்பா நா தூங்கினேன்” என்றார். பிறகு தொட்டிலிடம் போய், கையைக் கட்டிக்கொண்டு, பெரிய மனுஷரிடம் சொல்வது போல, “தெரியாமத் தூங்கிப்போட்டேன் சாமி” என்றார்.

சம்பூர்ணம் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வூஃபர் மேலிருந்த பொட்டைக் கட்டைவிரலால் துடைத்தார்.

லோகு எழுந்து மேலே பார்த்தார். “எர்த்த எங்க தம்பி கட்டுனீங்க?”

“தண்டவாளத்துலங்க.”

“தொட்டில் எதுல தொங்குது?”

பூபதி அண்ணாந்து தொட்டில் சங்கிலியைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“ஊர்ல குழாய்ல கட்டுவாங்க, ஜன்னக் கம்பில கட்டுவாங்க. தொட்டிலோட சேத்துக் கட்டுனது நீங்க ஒருத்தருதான்” என்று சொல்லிவிட்டு லோகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பின்வாசலில் ஈரமண்ணில் வேறு ஒரு கம்பி அடித்து எர்த் கொடுத்துவிடலாம், ஷாக்கு வராது என்றார். ஆனால் இந்த முறுக்கைப் பிரிக்கிற நேரத்தில் பிள்ளை உரக்க அழ வேண்டும், அரைகுறையாக அழுதால் குரல் தண்டவாளத்திலேயே தங்கிவிடும், அப்புறம் அதைக் கூப்பிட முடியாது என்றார்.

மித்ராவோ, இத்தனை பேர் தன்னைச் சுற்றி நிற்பதைப் பார்த்து, அழுகையை நிறுத்திவிட்டுச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். மாதேசண்ணன் கண்ணை உருட்டிப் பார்த்தார், சிரித்தாள். பூபதி அதட்டினார், சிரித்தாள். கிள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள், ஒருவரும் கிள்ளவில்லை.

“எதுக்கு அழுவா?” என்று லோகு என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியும். உதட்டைப் பார்த்தவர்களுக்கெல்லாம் பசியும் ஈரமும் தெரிந்தது, இது எனக்கு மட்டும் தெரியும். “நா கண்ணுக்கு மறஞ்சா அழுவாளுங்க” என்றேன்.

“அப்ப மறைங்க. எட்டிப் பாக்காதீங்க. சத்தம் வர்ற வரைக்கும் வராதீங்க.”

நான் அவளைப் பார்த்தபடியே வாசலுக்குப் போனேன். பிறகு முதுகைக் காட்டி நடந்தேன். அடுத்தடுத்த வாசல்களைத் தாண்டினேன், கேட்டைத் தாண்டினேன், தெருவில் இறங்கினேன். தறி இல்லாத தெரு வெயிலில் காலியாகக் கிடந்தது. இருபது அடி நடந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. முப்பது அடி நடந்தேன். இப்போது அவள் வாயைத் திறந்திருப்பாள், இப்போது லோகு முறுக்கைப் பிரிப்பார், இப்போது பிரித்திருப்பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, மூடிக் கிடந்த ஒரு கடை வரைக்கும் போய், அதன் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் காது முழுவதும் என் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம்தான். குரல் அங்கேயே தங்கிவிட்டால் என்ன செய்வேன், தண்டவாளத்துக்குக் கீழே உட்கார்ந்து ஆயுசு முழுக்க அண்ணாந்து கேட்டுக்கொண்டிருப்பேனா என்று நினைத்தேன்.

முதலில் ஒரு விக்கல் கேட்டது. அப்புறம் ங்ஙா.

ஒரு குழந்தையின் தொண்டையிலிருந்து, காற்றில், கூரைக்கு மேலே ஏறி, தெருவுக்கு வந்து, என் பெயரைச் சொல்லாமல் என்னைக் கூப்பிட்ட அழுகை அது. கேட்டிலிருந்து சம்பூர்ணம் அக்கா ஓடி வந்தார், பின்னால் மாதேசண்ணன் ஓடி வந்தார், அவருக்குப் பின்னால் பாயில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள், ஒவ்வொருவரும் தானே முதலில் சொல்வது போல, “பாப்பா அழுகுது அம்மிணி”, “பாப்பா அழுகுது வா”, “அழுகறா பாரு கண்ணு, அழுகறா” என்றார்கள்.

“கேக்குதுங்க” என்றேன்.

“கேக்குதுன்னா போயித் தூக்கு” என்றார் சம்பூர்ணம் அக்கா.

போகத்தான் போகிறேன். ஷட்டரில் சாய்ந்து, ஈரக் கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை நாள் கேட்காத குரலில் அவள் இன்னும் ஒரே ஒரு தரம் அழட்டும் என்று நின்றேன். அழுதாள். பிறகு ஓடினேன்.